ஒற்றை மரமும் மரத்தொகுதியும்: திராவிட மொழிக்குடும்ப வரைபடங்களை வாசிக்கும் முறை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மொழிக்குடும்ப வரலாற்றைக் கணினிவழி ஆராய்வோர் இன்று ஒரு மரத்தை முடிவாகப் பெறுவதில்லை. ஆயிரக்கணக்கான மரங்களைக் கொண்ட தொகுதியையே பெறுகின்றனர். ஆயினும் பாடநூல்களுக்கும் வகுப்பறைக்கும் வந்து சேர்வது அத்தொகுதியிலிருந்து சுருக்கி எடுக்கப்பட்ட ஒற்றை மரமே. இச்சுருக்கத்தில் எவை இழக்கப்படுகின்றன, தொகுதி முழுவதையும் காட்சிப்படுத்தும் முறைகள் அவ்விழப்பை எந்த அளவு ஈடுசெய்கின்றன என்பவற்றைத் திராவிட மொழிக்குடும்பத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. சுருக்க மரம் ‘பெரும்பாலான மரங்களின் வடிவம்’ அன்று என்பதும், காட்சிப்படங்களும் தமக்கே உரிய மறைப்புகளை உடையன என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: திராவிட மொழிகள், மொழிக்குடும்ப மரம், மரத்தொகுதி, பின்னிகழ்தகவு, இசைவு மரம், காட்சிப்படுத்தல்

1. முன்னுரை

மொழிகளின் உறவை மரமாக வரைந்து காட்டும் வழக்கம் ஆகுஸ்ட் ஷ்லைகர் 1853இல் வெளியிட்ட இந்தோ-ஐரோப்பிய வரைபடத்தோடு வேரூன்றியது. டார்வின் 1859இல் வெளியிட்ட உயிரினத் தோற்றம் பற்றிய நூலில் இடம்பெற்ற ஒரே படமும் கிளைத்துச் செல்லும் வரைபடமே. மரத்தின் போதாமையைச் சுட்டி யோகான்னஸ் ஷ்மிட் 1872இல் அலைக்கோட்பாட்டை முன்வைத்தார். ஆக, மரம் என்னும் வடிவம் பிறந்து இருபதாண்டுகளுக்குள்ளேயே அதன் மீதான ஐயமும் பிறந்துவிட்டது.

திராவிட மொழியியலில் அவ்வையம் போதிய அளவு வளரவில்லை. தென், தென்-நடு, நடு, வட என நான்கு கிளைகளைக் கொண்ட ஒரு மரம் நம் பாடநூல்களில் திரும்பத் திரும்ப அச்சாகிறது. அது யாருடைய மரம், எத்தகைய சான்றின்மேல் நிற்கிறது, அதன் எந்தக் கணு உறுதியானது, எது ஐயத்திற்குரியது என்னும் வினாக்கள் படத்திற்கு அருகில் எழுப்பப்படுவதில்லை. எல்லாக் கோடுகளும் ஒரே தடிப்பில் வரையப்படுகின்றன. தமிழும் மலையாளமும் நெருங்கியவை என்னும் செய்தியும், தென் கிளையும் தென்-நடுக் கிளையும் ஒரு தாயின் மக்கள் என்னும் செய்தியும் மாணவருக்கு ஒரே உறுதியோடு சென்று சேர்கின்றன. முன்னது பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை. பின்னது ஒரு கருதுகோள். இவ்வேறுபாட்டை மறைக்கும் படம் எவ்வளவு அழகாக இருப்பினும் ஆய்வுக்குத் தீங்கு செய்வதே ஆகும்.

2. மரங்களை எண்ணிய முன்னோடி ஆய்வு

மாற்று மரங்களை எண்ணிப் பார்க்கும் முறை திராவிட மொழியியலுக்குப் புதியதன்று. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, லிங்கன் மோசஸ், டக்ளஸ் டான்ஃபோர்த் ஆகிய மூவரும் 1983இல் ‘லாங்குவேஜ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இவ்வகையில் முன்னோடியானது. கோண்டி, கொண்டா, கூய், கூவி, பெங்கோ, மண்டா என்னும் ஆறு தென்-நடுத் திராவிட மொழிகளின் உட்பிரிவை அவர்கள் ஆராய்ந்தனர். ஆறு மொழிகளை இருகிளைப் பிரிவுகளாக மட்டுமே அமைத்தாலும் வேருடைய மரங்கள் 945 உண்டாகும்.

அவர்கள் கொண்ட சான்று நுனிநா ஒலிகளின் இடப்பெயர்ச்சி. தமிழில் ‘மரம்’ என வழங்கும் சொல் பழந்தெலுங்கில் ‘ம்ரானு’ எனவும், கூய் மொழியில் ‘ம்ரஹ்னு’ எனவும் உயிரும் மெய்யும் இடம்மாறி நிற்கிறது. கொண்டாவிலோ ‘மரன்’ என மாறாமல் உள்ளது. ஒரு மொழியில் ஒரு சொல் மாறாதிருப்பின் அம்மொழியின் மூதாதைக் கணுக்கள் அனைத்திலும் அச்சொல் மாறாமலே இருந்திருத்தல் வேண்டும். எனவே கூய் மொழியின் மாற்றம், அது கொண்டாவிலிருந்து பிரிந்த பின்னரே நிகழ்ந்தது எனத் துணியலாம். இவ்வாறு ஒவ்வொரு மரத்திற்கும் தேவைப்படும் தனித்தனி மாற்றங்களின் குறைந்தபட்ச எண்ணிக்கையைக் கணித்து மரங்களை ஒப்பிட முடிந்தது.

இவ்வாய்வின் நிலையான பயன் அது கண்டடைந்த சிறந்த மரத்தில் மட்டும் இல்லை. ஒவ்வொரு மரமும் ஏனையவற்றோடு போட்டியிட்டே இடம்பெற வேண்டும் என்னும் நெறியை அது நிலைநாட்டியது. அந்நெறி நம் பாடநூல் மரபிற்குள் நுழையவில்லை. அதன் விளைவான மரம் மட்டுமே நுழைந்தது.

மொழிகளின் எண்ணிக்கை கூடும்போது மரங்களின் எண்ணிக்கை பெருகும் வேகம் கவனத்திற்குரியது. நான்கு மொழிகளுக்கு 15, ஐந்துக்கு 105, ஆறுக்கு 945, பத்துக்கு 3 கோடியே 44 இலட்சத்திற்கும் மேல், இருபதுக்கு ஏறத்தாழ 8.2 × 10²¹. இருபது மொழிகளின் எல்லா மரங்களையும் எண்ணிப் பார்த்தல் எந்தக் கணினிக்கும் இயலாது. எனவே இன்றைய முறைகள் மரவெளியில் உலவி, சான்றோடு பொருந்தும் அளவிற்கேற்ப மரங்களை மாதிரியாகத் திரட்டுகின்றன. பேய்சியன் பகுப்பாய்வின் விளைவு என்பது இவ்வாறு திரண்ட மரத்தொகுதியே.

3. 2018ஆம் ஆண்டு ஆய்வும் அது வாசிக்கப்பட்ட விதமும்

விஷ்ணுப்பிரியா கோலிப்பாக்கம், அன்னமேரி வெர்க்கெர்க் முதலியோர் 2018இல் ‘ராயல் சொசைட்டி ஓப்பன் சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட திராவிட மொழிக்குடும்ப ஆய்வு இம்முறையைச் சார்ந்தது. இருபது மொழிவகைகளின் அடிப்படைச் சொற்பட்டியலைத் தாய்மொழியாளரிடமிருந்து நேரடியாகத் திரட்டி, இனச்சொற்களைக் குறியீடாக்கி மரங்களை அவர்கள் பெற்றனர். குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4500 ஆண்டுகள் என்பது அவர்களின் மதிப்பீடு. நான்கு முதன்மைக் கிளைகளும் அவர்களின் பகுப்பாய்வில் மீண்டும் தோன்றின. ஆனால் அந்நான்கு கிளைகளுக்கு இடையிலான உறவில் கணிசமான உறுதியின்மை உள்ளது என்பதை ஆய்வின் சுருக்கவுரையிலேயே அவர்கள் வெளிப்படையாகக் கூறியுள்ளனர்.

இவ்வாய்வு பொதுவெளியில் ‘4500 ஆண்டுகள்’ என்னும் ஓர் எண்ணாகவே சுருங்கியது. அம்மதிப்பீட்டைச் சூழ்ந்த இடைவெளி ஏறத்தாழ 3000 முதல் 6500 ஆண்டுகள் வரை நீள்கிறது, அதாவது பொ.ஆ.மு. 4500க்கும் பொ.ஆ.மு. 1000க்கும் இடைப்பட்ட காலம். சிந்துவெளி நகரப் பண்பாட்டின் முதிர்ந்த காலமான பொ.ஆ.மு. 2600–1900 இந்த இடைவெளிக்குள் அடங்குகிறது. அதற்கு முந்தைய, பிந்தைய நூற்றாண்டுகள் பலவும் அதனுள் அடங்குகின்றன. எனவே இந்த எண்ணைக் கொண்டு மட்டும் சிந்துவெளி மக்கள் திராவிட மொழி பேசினர் என நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இருதரப்பினரும் இதனைத் தமக்குச் சான்றாகக் காட்டுவது மரத்தொகுதியை வாசிக்காமல் அதன் நடுமதிப்பை மட்டும் வாசித்ததன் விளைவாகும்.

கிளைகளின் உறவில் நேர்ந்ததும் இதுவே. நான்கு கிளைகளை இணைக்கும் வேருடைய இருகிளை மரங்கள் பதினைந்தே. அவற்றுள் தென் கிளையும் தென்-நடுக் கிளையும் நேரடியாக இணையும் மரங்கள் மூன்று. இவ்விரண்டையும் ஒரே தாய்மொழியின் மக்களாகக் கொள்வது கிருஷ்ணமூர்த்தியின் கருத்து (2003). எல்லா வடிவங்களையும் சமமாகக் கருதினால், எந்தச் சான்றும் இல்லாத நிலையிலும் அவ்விணைப்பிற்கு ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கும். ஆகவே ஒரு கணுவின் அருகில் 60 விழுக்காடு என்று எழுதப்பட்டிருப்பின் அதனை 20 விழுக்காட்டோடு ஒப்பிட்டே மதிப்பிட வேண்டும். சான்று அவ்விணைப்பை உயர்த்தியிருக்கிறது என்பது உண்மை. மீதமுள்ள 40 விழுக்காட்டு மரங்கள் வேறு வரலாற்றைச் சொல்கின்றன என்பதும் உண்மை. ஒற்றை மரம் இரண்டாவது உண்மையைச் சொல்வதில்லை.

4. சுருக்க மரம் எதனைச் சுருக்குகிறது?

‘பெரும்பாலான மரங்கள் இந்த வடிவில் உள்ளன’ என்பதே சுருக்க மரத்தின் பொருள் எனப் பலர் கருதுகின்றனர். இது பிழையான வாசிப்பு. விளக்கத்திற்காகவே கற்பித்துக்கொண்ட எண்களால் இதனைக் காட்டலாம். இவை எந்த ஆய்வின் முடிவுகளும் அல்ல.

ஆயிரம் மரங்கள் கொண்ட தொகுதி ஒன்றில் மூன்று வடிவங்கள் மட்டுமே உள்ளன எனக் கொள்வோம். ‘அ’ வடிவில் தென் கிளையும் தென்-நடுவும் முதலில் இணைகின்றன. அவற்றோடு நடு சேர்கிறது. வட கிளை தனித்து நிற்கிறது. இவ்வடிவில் 420 மரங்கள். ‘ஆ’ வடிவில் தென்-நடுவும் நடுவும் முதலில் இணைகின்றன. அவற்றோடு தென் சேர்கிறது. வட கிளை தனித்து நிற்கிறது. இவ்வடிவில் 380 மரங்கள். ‘இ’ வடிவில் தென்-நடுவும் நடுவும் ஓர் இணை. தென்னும் வடவும் மற்றோர் இணை. இவ்வடிவில் 200 மரங்கள்.

தனி மரமாக மிகுதியாக வருவது ‘அ’. அதன்படி தெலுங்கு அடங்கிய கிளைக்கு நெருங்கிய உறவு தமிழ் அடங்கிய கிளையே. ஆனால் கிளைக்குழுக்களை எண்ணினால் முடிவு வேறாகிறது. தென், தென்-நடு இணைப்பு 420 மரங்களில் மட்டுமே உள்ளது. தென்-நடு, நடு இணைப்போ ‘ஆ’, ‘இ’ இரண்டிலும் சேர்த்து 580 மரங்களில் உள்ளது. தென், தென்-நடு, நடு மூன்றும் அடங்கிய குழு 800 மரங்களில் உள்ளது. பாதிக்கு மேற்பட்ட மரங்களில் வரும் குழுக்களைக் கொண்டு அமைக்கும் பெரும்பான்மை இசைவு மரம் ‘ஆ’ வடிவைப் பெறும். கிளைக்குழுக்களின் நிகழ்தகவுகளைப் பெருக்கி உயர்ந்த மதிப்புடைய மரத்தைத் தேரும் முறையும் ‘ஆ’வையே தேரும்: அதன் பெருக்கம் 0.464, ‘அ’வின் பெருக்கம் 0.336. ஆக, ஆயிரத்தில் 380 மரங்கள் மட்டுமே ஏற்கும் வடிவம் சுருக்க மரமாக அச்சேறுகிறது.

இதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. இரண்டு முறைகளும் வெவ்வேறு வினாக்களுக்கு விடையளிக்கின்றன. ஒன்று ‘எந்த முழு வரலாறு மிகுதியாக வருகிறது?’ என வினவுகிறது. மற்றொன்று ‘எந்தத் தனித்தனி உறவுகள் மிகுதியாக வருகின்றன?’ என வினவுகிறது. தெலுங்கை நடுத் திராவிடத்தோடு சேர்த்துக் காணும் பழைய வகைப்பாட்டிற்கும், அதனைத் தென் கிளையோடு உறவுடையதாகக் காணும் கிருஷ்ணமூர்த்தியின் வகைப்பாட்டிற்கும் இடையிலான விவாதத்தின் விடை, படம் வரைபவர் எந்த வினாவைத் தேர்ந்தார் என்பதைப் பொறுத்து மாறிவிடக்கூடும். படத்தின் கீழ் அவ்வினா எழுதப்படாதபோது வாசகர் தம் வினாவிற்கான விடையாகவே அதனைக் கொள்வார்.

5. தொகுதியைக் காணும் வழிகளும் அவற்றின் மறைப்புகளும்

5.1 அடுக்கி வரைதல்

ரெம்கோ பௌக்கர்ட் 2010இல் அறிமுகப்படுத்திய டென்சிட்ரீ என்னும் மென்பொருள் தொகுதியின் எல்லா மரங்களையும் மெல்லிய ஒளிபுகு கோடுகளால் ஒன்றன்மேல் ஒன்றாக வரைகிறது. மரங்கள் ஒத்துப்போகும் இடத்தில் கோடுகள் திரண்டு அழுத்தமாகின்றன. முரண்படும் இடத்தில் வலைபோல் பிரிந்து மங்குகின்றன. 2018ஆம் ஆண்டுத் திராவிட ஆய்வின் ஆசிரியர்களுள் பௌக்கர்ட்டும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. எந்தக் கணு உறுதியானது என்பதைப் பார்த்த அளவிலேயே உணரச் செய்வது இம்முறையின் சிறப்பு.

இதன் குறைகள் மூன்று. முதலாவது, மங்கல் இரு காரணங்களால் உண்டாகலாம்: கிளையமைப்பு முரண்படுவதாலும் உண்டாகலாம், கிளையமைப்பு ஒன்றாயிருந்து பிரிவின் காலம் மட்டும் வேறுபடுவதாலும் உண்டாகலாம். கண் இவ்விரண்டையும் எளிதில் பிரித்தறியாது. அடிக்கடி வரும் வடிவங்களுக்குத் தனித்தனி நிறம் தருவதன்மூலம் மென்பொருள் இதற்கு ஓரளவு தீர்வு காண்கிறது. இரண்டாவது, இலைகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை ஒருமுறை முடிவுசெய்ய வேண்டும். முதன்மை வடிவத்திற்கு ஏற்ற வரிசையைத் தேர்ந்தால் அவ்வடிவம் நேர்த்தியாகவும் மாற்று வடிவங்கள் சிக்கலாகவும் தோன்றும். சிக்கலாகத் தோன்றுவதை நம்பத்தகாததாகக் கருதுவது மனித இயல்பு. மூன்றாவது, தொகுதியில் சிறு பங்காக உள்ள மரங்கள் பெரும்பான்மையின் அடியில் புதைந்துவிடுகின்றன. துளுவின் இடம் போன்ற நெடுநாள் விவாதங்களில் அச்சிறு பங்கே ஆய்வாளர் தேடும் செய்தியாக இருக்கலாம்.

5.2 மரங்களைப் புள்ளிகளாக்குதல்

மற்றொரு வழி ஒவ்வொரு மரத்தையும் ஒரு புள்ளியாக்குவது. இரு மரங்களுக்கு இடையிலான தொலைவை அளந்து, அத்தொலைவுகள் இயன்றவரை காக்கப்படும்படி புள்ளிகளைத் தளத்தில் இடுவர். ஹில்லிஸ், ஹீத், செயின்ட் ஜான் ஆகியோர் 2005இல் மரவெளியை ஆராய இம்முறையைக் கையாண்டனர். தொலைவை அளக்கப் பெரிதும் வழங்குவது ராபின்சன்–ஃபோல்ட்ஸ் அளவை (1981). ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத கிளைக்குழுக்களின் எண்ணிக்கையே அது.

மேற்காட்டிய எடுத்துக்காட்டில் ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் தொலைவு 2, ‘ஆ’வுக்கும் ‘இ’க்கும் 2, ‘அ’வுக்கும் ‘இ’க்கும் 4. மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அமைகின்றன. நடுவில் நிற்பது ‘ஆ’. ஆயிரம் மரங்களிலிருந்தும் அளந்த மொத்தத் தொலைவு ‘அ’வுக்கு 1560, ‘ஆ’வுக்கு 1240, ‘இ’க்கு 2440. இசைவு மரம் ஏன் ‘ஆ’ ஆயிற்று என்பது இப்போது விளங்கும். அது மிகுதியானவற்றின் மரம் அன்று. எல்லாவற்றிற்கும் குறைந்த தொலைவில் நடுவே நிற்கும் மரம். பக்கம் பக்கமாக எழுதி விளக்க வேண்டிய இச்செய்தியை மூன்று புள்ளிகள் கொண்ட ஒரு படம் விளக்கிவிடுகிறது. காட்சிப்படுத்தலின் மெய்யான பயன் இதுவே.

ஆயினும் இவ்வளவைக்கும் ஒரு வழு உண்டு. படிக்கட்டு வடிவான மரம் ஒன்றில் அடிப்படியில் உள்ள ஒரே ஒரு மொழியை எடுத்து வேரின் அருகே வைத்தால் இடைப்பட்ட எல்லாக் கிளைக்குழுக்களும் மாறிவிடும்; தொலைவு உச்சத்தை எட்டும். ஏனைய மொழிகளின் உறவில் எந்த மாற்றமும் இராது. பலூச்சி மொழியிலிருந்து மிகுதியாகக் கடன்பெற்ற பிராகுவி போன்ற ஒரு மொழி தொகுதியில் நிலைகொள்ளாது அலைந்தால், தளத்தில் இரு வேறு புள்ளித்திரள்கள் தோன்றும். அதனைக் காண்பவர் குடும்பமே இருவேறு வரலாறுகளைக் காட்டுவதாக மயங்குவார். மேலும், பல பரிமாணங்களில் உள்ள தொலைவுகளை இரு பரிமாணத்தில் அடக்கும்போது சிதைவு தவிர்க்க இயலாதது. சிதைவின் அளவைக் குறிக்காமல் வெளியிடப்படும் புள்ளிப்படத்தில் எது சான்று, எது நிழல் என்று கூறவியலாது.

6. முரண்பாட்டின் காரணம்

படங்கள் முரண்பாடு எங்குள்ளது என்பதைக் காட்டும்; ஏன் உள்ளது என்பதைக் காட்டா. மரங்கள் முரண்படுவதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. சான்று போதாமை ஒன்று. கிளைகள் குறுகிய காலத்திற்குள் அடுத்தடுத்துப் பிரிந்திருப்பின் அவ்விடைவெளியில் தோன்றிய புதுச்சொற்கள் சிலவாகவே இருக்கும். சிறு சொற்பட்டியலில் அவை அகப்படாமலே போகலாம். கடன்வாங்கல் மற்றொன்று. கொலாமி தெலுங்கிலிருந்து மிகுதியாகச் சொற்களைப் பெற்றுள்ளது; அவற்றுள் சில இனச்சொற்களாக எண்ணப்பட்டால் நடுத் திராவிடமும் தென்-நடுத் திராவிடமும் நெருங்கியதாகத் தோன்றும். மூன்றாவது, மரமாகப் பிரியாமல் வட்டார வழக்குகளின் தொடராக நீண்ட காலம் நிலவிய உண்மையான வரலாறு. ஷ்மிட்டின் அலைக்கோட்பாடு சுட்டியது இதனையே.

மூன்றுக்கும் தீர்வுகள் வேறு வேறு. முதலாவதற்குச் சொற்பட்டியலை விரிவாக்க வேண்டும். இரண்டாவதற்கு ஒலிமாற்ற விதிகளால் கடன்சொற்களைக் களைய வேண்டும். மூன்றாவதற்கு மரத்தை விடுத்து வலையமைப்பை நாட வேண்டும். முதல் இரண்டிற்கும் வேண்டியது கணினித் திறன் அன்று, திராவிட ஒப்பியல் புலமை. பரோவும் எமனோவும் தொகுத்த வேர்ச்சொல் அகராதியைக் கையில் கொண்டு, ஐயத்திற்குரிய கணுவை ஆதரிக்கும் இனச்சொற்கள் எவை, எதிர்ப்பவை எவை எனச் சொல் சொல்லாக ஆராயும் வேலை அது. தமிழ்த்துறை ஆய்வாளர் இத்துறையில் வெறும் வாசகராக நின்றுவிடத் தேவையில்லை என்பதற்கு இதுவே காரணம். மங்கிய கணு நமக்கான ஆய்வுப் பொருள்.

7. பரிந்துரைகள்

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு நடைமுறைகள் பெறப்படுகின்றன. ஒன்று, சுருக்க மரத்தை மேற்கோள் காட்டும் கட்டுரை அது எம்முறையால் பெறப்பட்டது என்பதையும், தான் பயன்படுத்தும் கணுவின் நிகழ்தகவையும் குறிப்பிடுதல் வேண்டும். இரண்டு, காலத்தைக் குறிக்கும்போது நடுமதிப்போடு இடைவெளியையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். மூன்று, மொழிக்குடும்ப ஆய்வை வெளியிடுவோர் மரத்தொகுதி முழுவதையும் பிறர் மீளாய்வு செய்யும்படி வழங்குதல் வேண்டும். அடுக்கு வரைபடம், புள்ளிப்படம் இரண்டையும் ஒருசேரத் தருவது ஒன்றின் மறைப்பை மற்றொன்றால் நீக்க உதவும். நான்கு, பாடநூல் மரங்களில் விவாதத்திற்குரிய கிளைகளைப் புள்ளிக்கோட்டால் வரைதல் வேண்டும். இதற்கு மென்பொருளும் பொருட்செலவும் தேவையில்லை.

8. முடிவுரை

ஒற்றை மரத்தை ஐயுறுவது மொழிக்குடும்ப உறவையே ஐயுறுவதாகாது. கால்டுவெல் 1856இல் விரிவாக நிறுவிய திராவிட மொழிகளின் இன ஒற்றுமையோ, நான்கு முதன்மைக் கிளைகளின் இருப்போ இக்கட்டுரையின் வினாவிற்கு உட்பட்டவை அல்ல. கிளைகள் எந்த முறைவரிசையில் பிரிந்தன, எப்போது பிரிந்தன என்னும் இரண்டில்தான் மரத்தொகுதி தயக்கம் காட்டுகிறது. அத்தயக்கத்தை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொள்வது, சுவடிகளின் பாடவேறுபாடுகளை நீக்கிவிட்டு மூலபாடத்தை மட்டும் அச்சிடுவதற்கு ஒப்பாகும். பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காத்துப் பதிப்பிக்கும் நெறியைத் தமிழ்ப் பதிப்புலகம் நன்கு அறியும். அந்நெறி மொழிக்குடும்ப வரைபடங்களுக்கும் பொருந்தும்.